கொட்டாமல் விட்ட ஐம்பது கோதுகள்

2025 செப்ரெம்பர் 13, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். இந்தக் கோபம் தொடங்கிய நேரம் அது. நாலரைக்குக் கேக் வெட்ட வேண்டும் என்று மாமி சொல்லியிருந்ததால் அப்போதுதான் கைபேசியைப் பார்த்திருந்தேன். கனடாவில் மார்க்கம் நகரில், பெரியமாமாவின் வீட்டுப் பின்வளவில், அவருடைய பிறந்தநாளுக்கு வந்தவர்களிடையே ரோல்ஸ் தட்டுடன் நின்றேன். பெரியமாமா என் அம்மாவின் தமையன். எங்கள் குடும்பம் முழுவதையும் இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர்.

அவருடைய புது மருமகள் என் சித்தப்பாவின் இடது கையைக் கண்டு கேட்டாள்.

"அங்கிள், உங்கட தம்புக்கு என்ன நடந்தது?"

சித்தப்பா அப்பாவின் தம்பி. அவருடைய இடது பெருவிரலுக்கு நுனி இல்லை. இந்தக் கேள்விக்கு அவரிடம் பதினொரு வருடப் பழமையான ஒரு பதில் இருந்தது. என்னைக் காட்டிச் சொன்னார்.

"அதை உவளைக் கேள் பிள்ளை. உவள்தான் எனக்குக் கண்பாத்துத் தந்தவள்."

எல்லோரும் சிரித்தார்கள். பழக்கத்தால் நானும் சிரித்தேன். என் வயதுக்காரர்களே, மேலே ஒரு குடும்பமும் பேஸ்மென்றில் இன்னொரு குடும்பமுமாக வளர்ந்தவர்களே, உங்களுக்கு இந்தச் சிரிப்புத் தெரியும். பெரியவர்கள் நம்மைப் பற்றிய தீர்ப்பைப் பகிடியாகச் சொல்வார்கள். அது தீர்ப்பு என்பதையே மறந்து நாமும் சேர்ந்து சிரிப்போம். அன்று என் சிரிப்பு முடிவதற்குள் பெரியமாமா ஒரு வசனம் சொன்னார். அதைச் சொல்வதற்கு முன்னர் 2014ஆம் ஆண்டுக் கோடையைச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே இருந்தோம். மேலே நாங்கள் நால்வர்: அப்பா, அம்மா, நான், தம்பி. பேஸ்மென்றில் மணமாகாத சித்தப்பா. அவர் ஒரு பிளாசாவின் பின்புறத்தில் இருந்த ரயர்க் கடையில் வேலை செய்தார். சில்லுகளின் சமநிலைக்காக விளிம்பில் மாட்டும் சிறு ஈயக் கட்டிகளை, பழசு கழற்றும்போதெல்லாம், முதலாளியிடம் கேட்டு வாளியில் சேர்த்துக் கொண்டுவருவார். அந்த ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, தன் றிவோல்வருக்கான குண்டுகளைத் தானே செய்தார்.

நம்மவர் வீட்டில் துவக்கா என்று நீங்கள் புருவம் உயர்த்துவது தெரிகிறது. எங்கள் வீட்டிலும் உயர்த்தினார்கள். அவர் முறையாகப் பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, நகருக்கு வடக்கே ஒரு சுடுகழகத்தில் சேர்ந்திருந்தார். றிவோல்வர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அதன் விசையிலும் இன்னொரு பூட்டு. நான் அதைத் தொட்டதே இல்லை. ஏன் இந்த வேலை என்று அம்மா ஒருநாள் கேட்டபோது அவர் சொன்னார்:

"அண்ணி, ஊரிலை துவக்கு எப்பவும் மற்றவன்ரை கையிலைதான். நான் நிண்டது அதின்ரை வாய்க்கு முன்னாலை. ஒருக்காலாவது பின்னாலை நிண்டு பாப்பம் எண்டுதான்."

அம்மா கறியைக் கிளறினாள். நான் அந்தப் பதிலை இன்றும் மதிக்கிறேன். என் கோபம் துவக்கின் மீது அல்ல.

சனிக்கிழமைகளில் கராஜ் கதவு பாதி உயர்ந்திருக்கும். மின் அடுப்பில் சிறிய வார்ப்புப் பானை. ஈயம் முதலில் அசையாமல் கிடக்கும். பின்பு ஓரங்கள் தளரும். பின்பு முழுவதும் ஒரேயடியாகக் கண்ணாடிபோல் ஆகும். அழுக்குப் பிரிவதற்காகச் சித்தப்பா ஒரு மெழுகுதிரித் துண்டைப் போடுவார். பிறந்தநாள் கேக்கில் அணைத்த திரியின் மணம் எழும்பும். இன்றும் கேக் முன் நின்றால் எனக்குக் கராஜ் ஞாபகம் வருகிறது. அச்சைத் திறந்து மரச் சுத்தியால் தட்டினால், அப்பாவின் பழைய ஈரத் துவாயில் குண்டு விழும். மொட்டையான தலை; பாற்பல்லைப்போல் வழுவழுப்பு. ஆறிய பிறகும் என்னைத் தொட விடமாட்டார். "ஈயம் கையிலை ஒட்டும், பிறகு சோத்திலை ஒட்டும்" என்பார். அந்த விடயத்தில் கவனமான மனிதர்தான். அதுவே என்னை இன்னும் எரியச் செய்கிறது.

எனக்கு அவர் தந்த வேலை பார்ப்பது.

சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைக் கழகத்திலிருந்து கொண்டுவந்து கழுவி, அடியில் தீப்பொறி தரும் புதிய கேப்பு அடித்து, ஐம்பது துளைகள் கொண்ட ஒரு மரக்கட்டையில் நிறுத்துவார். அந்தக் கட்டையை அப்பா துளைத்துக் கொடுத்திருந்தார். ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்து. ஒவ்வொரு கோதாக எடுத்து, வெடிமருந்து அளக்கும் கருவியின் வாயில் பிடித்து, லீவரை ஒருமுறை இழுப்பார். அளவான மருந்து விழும். கோது தன் துளைக்குத் திரும்பும். ஐம்பதும் முடிந்தபின் மேலே குண்டை வைத்து அழுத்தி, ஒரு பெட்டியில் அடுக்குவார்.

அவர் பயன்படுத்தியது மிக விரைவாக எரியும் மருந்து. வார்த்த ஈயக் குண்டுக்கு அதுதான் தோது என்பார். கொஞ்சம் போட்டால் போதும், ஒரு டப்பா நெடுநாள் வரும். ஆபத்து அந்தக் கொஞ்சத்தில் இருந்தது. உயரமான கோதின் அடியில் மருந்து ஒரு மெல்லிய படையாகவே கிடக்கும். மறதியில் ஒரே கோதுக்கு இருமுறை லீவரை இழுத்தாலும் வழியாது, பாதிகூட நிரம்பாது. குண்டை அழுத்திவிட்டால் சரியானதும் பிழையானதும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசத்தைச் சுடும்போதுதான் அறியலாம்.

ஆகவே குண்டு வைக்கும் முன் நான் ஒரு சிறிய ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து, ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்க்க வேண்டும். சாம்பல் நிறச் செதில்கள் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா? ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் "நில்லுங்கோ" என்று சொல்ல வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளையின் கண்ணைத் தன் உயிருக்குக் காவலாக வைக்கலாம் என்று ஒரு வளர்ந்த மனிதர் நினைத்தார். வீட்டில் வேறு எவரும் அதைத் தவறென்று காணவில்லை. "பெட்டைக்கு நல்ல கூர்மையான கண்" என்று பெருமைப்பட்டார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

கராஜுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதைச் செய்தவர் சித்தப்பாவே. வேலை இடையில் குழம்பினால், எங்கே நிறுத்தினோம் என்ற சந்தேகம் இம்மியளவு வந்தாலும், ஐம்பது கோதையும் டப்பாவுக்குள் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை நான் தும்மினேன். அவர் கை ஒரு கணம் தரித்தது.

"இதுக்குப் போட்டனானோ?"

"போட்டீங்கள் சித்தப்பா. நான் கண்டனான்."

"கண்டனியோ, கண்டனான் எண்டு நினைக்கிறியோ?"

நான் தயங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கி எல்லாவற்றையும் கொட்டினார். "தயங்கினால் கொட்டு. மருந்து போனால் வாங்கலாம், விரல் போனால் வாங்கேலாது." இதை நான் மிகைப்படுத்தி எழுதவில்லை. இதே சொற்கள்.

யூலை மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை பெரியமாமாவும் மாமியும் சொல்லாமல் வந்தார்கள். பெரியமாமா எங்கள் வீட்டுக்கு வருவது கோயில் தேர் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புவது போன்றது. எல்லோரும் போட்டது போட்டபடி எழுந்துவிட வேண்டும். அவருடைய கையெழுத்தில்தான் நாங்கள் விமானம் ஏறினோம். சித்தப்பாவுக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

அப்போது கட்டையில் மூன்று வரிசைக்கு மருந்து போட்டாயிற்று. நான் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை. அம்மா கராஜ் கதவடியில் வந்து நின்றாள்.

"பிள்ளை, ஓடி வா. மாமா ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கவேணும்."

"அம்மா, நான் இன்னும் பாக்கேல்லை."

"பாக்கலாம் பிறகு. பெரிய மனுசர் வந்திருக்கினம், பொம்பிளைப்பிள்ளை கராஜுக்குள்ளை நிண்டு என்ன செய்யிறாய்?"

போனேன். ரோச் என் சட்டைப் பைக்குள் இருந்தது. தேநீர் கொடுத்த பிறகு, தமிழ் வகுப்பில் படித்த பதிகத்தைப் பாடிக்காட்டச் சொன்னாள் மாமி. நான் கூச்சக்காரி, விருந்தினர் முன் பாடியது அந்த ஒரு நாள்தான். பாடி முடித்தபோது பெரியமாமா இருக்கையில் இல்லை. அவருக்குக் கராஜைக் காட்டச் சித்தப்பா அழைத்துப் போயிருந்தார்.

அவர்கள் விடைபெற்றுச் சென்றதும் கராஜுக்கு ஓடினேன். ஐம்பது கோதுகளிலும் குண்டு வைத்து அழுத்தப்பட்டிருந்தது. ஐம்பது சாம்பல் தலைகள். உள்ளே பார்க்க வழியில்லை.

"சித்தப்பா, நான் ஒண்டையும் பாக்கேல்லை."

"நான் பாத்திட்டன். நீ போய்த் தம்பியோடை விளையாடு."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். ரோச் என் பையில் இருக்கும்போது எதைக் கொண்டு பார்த்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் கழகத்தில் அவருடைய றிவோல்வரின் உருளை வெடித்துத் திறந்தது. அந்த நேரம் அவருடைய இடது பெருவிரல் உருளைக்கு மிக அருகே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாதான் அவரைக் கூட்டிவந்தார். கை ஒரு வெள்ளைப் பொதியாக இருந்தது. சோபாவில் சாய்ந்திருந்தவரைச் சுற்றி எல்லோரும் நின்றபோது, ஏதோ ஒரு கோதில் இரட்டை மருந்து விழுந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீயெல்லே பாக்கிறனி?"

"இந்தப் பெட்டியை நான் பாக்கேல்லை. நான் சித்தப்பாட்டைச் சொன்னனான்."

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் தன் வெள்ளைப் பொதியைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "அது… சின்னப்பிள்ளைதானே, விடுங்கோ" என்றார்.

எவ்வளவு நேர்த்தியான வசனம்! அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. மன்னிப்பது போன்ற தொனியில் குற்றத்தை என் மீது நிறுத்திவிட்டார். அதன்பின் நான் சொன்னதெல்லாம் சாட்டாயிற்று. "ரோச் உன்ரை பைக்குள்ளைதானே இருந்தது?" என்று அம்மா கேட்டாள். அதுவே எனக்கெதிரான சாட்சி.

மறுவாரம் என்னைக் கண் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். கடைசி வரி எழுத்துவரை தடங்கலின்றி வாசித்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். வெளியே வந்தபோது அம்மாவின் முகத்தில் ஏமாற்றத்தைக் கண்டேன். என் கண் பழுதாக இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். "கண் நல்லமெண்டால் கவனம்தான் இல்லை" என்று முடித்தாள்.

அந்த முடிவு என்னோடு வளர்ந்தது. வீட்டுச் சாவி என்னைவிட இளைய தம்பியிடம் போனது. சரஸ்வதி பூசைக்கு விளக்கை என் கையில் தரமாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நான் மருந்தாளர் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினேன். அம்மா சிரித்தாள்: "உன்ரை கையாலை எண்ணித் தாற குளிசையை ஆர் விழுங்கிறது?" இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் இலக்கியத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் அந்த வாசலுக்கு என்னைக் கொண்டுவந்தது என் விருப்பம் அல்ல. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பவும் போய்ப் பார்க்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் இழுக்கிறேன். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பைக் கண் வலிக்கும்வரை சரிபார்க்கிறேன். பேராசிரியர் என் துல்லியத்தைப் புகழும்போது எனக்கு அந்தச் சோபா தெரிகிறது.

இனி, பின்வளவில் பெரியமாமா சொன்ன வசனம்.

"தம்பி, அந்தக் கராஜ் எனக்கு நல்ல ஞாபகம். நானும் ஒருநாள் உன்ரை லீவரை இழுத்துப் பாத்தனான் எல்லே?"

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. "அதை விடுங்கோ அண்ணை. கேக்குக்கு நேரமாகுது."

"பொறடாப்பா. பிள்ளை, கேள்." அவர் மருமகளிடம் திரும்பினார். நல்ல மகிழ்ச்சியில் இருந்தார். "நான் மூண்டு நாலு கோதை எடுத்து இழுத்தன். உவன், 'ஐயோ அண்ணை, உந்த வரிசைக்குப் போட்டாச்சு' எண்டு கத்துறான். எதை எடுத்தன், எங்கை வைச்சன் எண்டு எனக்கும் தெரியேல்லை, உவனுக்கும் தெரியேல்லை! பிறகு இவன் ரெண்டைக் கொட்டினவன். 'இதுதான் அண்ணை, இதுதான்' எண்டு."

"எண்டைக்கு மாமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அமைதியாகக் கேட்டது.

"நீ எங்களுக்குப் பதிகம் பாடின அண்டைக்கு, பிள்ளை. வடிவாப் பாடினனி."

அவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அவருக்குத் தெரியாது. தான் விளையாடிய அந்த ஐம்பதில் ஒன்றுதான் வெடித்தது என்று பதினொரு வருடமாக எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பிள்ளையின் கவனக்குறைவு என்றுதான் அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

சித்தப்பாவுக்குத் தெரியும். நான் தும்மியதற்காக ஐம்பதையும் கொட்டிய மனிதர், பெரியமாமா முன்னால் கொட்டவில்லை. கொட்டினால், "நீங்கள் குழப்பிவிட்டீர்கள்" என்று விருந்தாளியின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். ஆகவே இரண்டை மட்டும் ஊகித்துக் கொட்டி, மற்றவற்றின் மேல் குண்டை அழுத்தி, மரியாதையைக் காப்பாற்றினார். வீட்டுக்குள் பத்து அடி நடந்து என்னிடம் ரோச்சைக் கேட்டிருக்கலாம். அதுகூட விருந்தாளி மீது சந்தேகப்படுவது போலாகும் அல்லவா?

வீடு திரும்பும்போது காரை அம்மா ஓட்டினாள். நான் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு இது தெரியுமோ?"

அவள் வீதியைப் பார்த்தபடி சொன்னாள்.

"பிறகுதான் தெரியும். விரல் ஆறினாப்போலை சித்தப்பா சொன்னவர்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ மாமாட்டைக் கேப்பாய். அவரிட்டை என்னெண்டு கேக்கிறது? அவர் இல்லாட்டி நாங்கள் இஞ்சை இல்லை. நீ சின்னப்பிள்ளை, மறந்திடுவாய் எண்டு நினைச்சம்."

"மறக்க விட்டீங்களோ? குளிசை எண்ணக்கூடாது எண்டு சொன்ன அண்டைக்கு உங்களுக்குத் தெரியும்."

"அது பகிடிக்குச் சொன்னது."

"சிரிச்சது நீங்கள்."

ஒரு குடும்பம் ஒரு குற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்கினால் யாருக்கும் நோகாது என்று சுற்றிப் பார்த்திருக்கிறது. நோவைச் சொல்லத் தெரியாதவள் நான் ஒருத்தி என்று கண்டிருக்கிறது. தவறு நடப்பது மனிதருக்கு இயல்பு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நடந்த தவறுக்காக நான் கோபப்படவில்லை. அதன்பின் ஒவ்வொரு விழாவிலும், ரோல்ஸ் தட்டோடு நின்ற என்னைக் காட்டி, அறிந்தே சிரித்தார்களே, அதற்காகக் கோபப்படுகிறேன்.

மறுநாள் காலை ரூஜுக்குக் காரோட்டினேன். சித்தப்பா இப்போது அங்கே, பிறகு மணமுடித்த சித்தியோடு இருக்கிறார். அந்த விபத்தோடு சுடுவதை விட்டுவிட்டார். பானையை மட்டும் விடவில்லை. தூண்டிலுக்கு ஈயக் குண்டு வார்க்கிறார். கராஜ் கதவு பாதி உயர்ந்திருந்தது. உள்ளே அணைந்த திரியின் மணம்.

"அடுப்பை நிப்பாட்டுங்கோ சித்தப்பா" என்றேன். நிறுத்தினார். ஈயத்தின் முகம் மங்கி இறுகும்வரை காத்திருந்தேன். உருகிய ஈயத்தின் அருகே யாரையும் பதறச் செய்யக்கூடாது, நான் கவனமானவள்.

"இப்ப மாமாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ. அந்தப் பெட்டி ஆர் குழப்பினது, ஆர் கொட்டாமல் விட்டது, நான் அண்டைக்கு உங்களிட்டை என்ன சொன்னனான். மூண்டையும்."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னத்துக்கு, பிள்ளை? மனுசன் நேற்றுத்தான் பிறந்தநாள் கொண்டாடினது. மனசு உடைஞ்சுபோகும்."

"எனக்குப் பத்து வயசிலை உடைஞ்சது. அப்ப உங்களுக்கு அது பெரிசாத் தெரியேல்லை."

அவர் நுனியற்ற பெருவிரலை மற்றக் கைக்குள் மறைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பாவத்தைச் சாப்பிட்டே நான் வளர்ந்தேன், இனி இறங்காது.

"நீங்கள் எடுக்காட்டி நான் எடுப்பன். நான் சொன்னால் நீங்கள் சொன்ன மாதிரி மெதுவாய் இருக்காது."

அவர் கைபேசியை எடுத்தார். மணி போவது எனக்குக் கேட்டது. பெரியமாமாவின் உற்சாகமான "ஓம், சொல்லு தம்பி" கேட்டது. சித்தப்பா என்னைப் பார்த்தார். வெளியே போ என்று அந்தப் பார்வை கேட்டது.

அந்நேரம் உள்ளிருந்து சித்தி கூப்பிட்டாள். "பிள்ளை, தேத்தண்ணி ஊத்திட்டன். வந்து சித்தப்பாவுக்கும் எடுத்துக்கொண்டு போ."

"வரேலாது சித்தி. நான் இன்னும் பாத்து முடிக்கேல்லை."

அவருடைய வாயைப் பார்த்தபடி நின்றேன். முதலாவதைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார். மூன்றாவதற்குத் தயங்கினார். நான் அசையவில்லை.